அப்பா அம்மாவுக்குச் சத்து மாத்திரை அனுப்பும் பிள்ளைகளுக்கு

குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தில் எந்தப் பழைய தெருவுக்குள் போனாலும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளின் டிவி அலமாரியில் பெரிய பெரிய டப்பாக்களைப் பார்க்கலாம். மல்டிவைட்டமின் ஒன்று, மீன் எண்ணெய் ஒன்று, மூட்டுக்கு ஒன்று, ஞாபகசக்திக்கு ஒன்று. பெங்களூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மகனோ மகளோ அனுப்பியது. பெற்றவர்கள் தினமும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார்கள். பிள்ளை அனுப்பியது என்ற ஒரே காரணம் போதும் அவர்களுக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்க்கிற டாக்டருக்கு அப்படி ஒரு டப்பா இருப்பதே தெரியாது.

நான் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் ஏற்காடு மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு கீழே சேலம். ஓய்வுக்குப் பிறகும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் மாத்திரைப் பையோடு வீட்டுக்கு வருகிறார்கள். பையைத் திண்ணையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் பார்ப்பேன். மருந்தை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் டாக்டர் வேலை, அதில் நான் கை வைப்பதில்லை. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா, எதோடு எது சேரக்கூடாது, அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாள்களில் அடிக்கடி எழுத வேண்டிவந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாசத்தோடு அனுப்புகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த டப்பா வந்தபிறகு "அதான் சத்து மாத்திரை சாப்பிடறாங்களே" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். உடம்பு ஏன் சோர்கிறது, கால் ஏன் மரத்துப்போகிறது என்று கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது. என் கவலை அதுதான்.

என் சித்தப்பா அம்மாபேட்டையில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். எழுபது தாண்டியும் குழித்தறியை விடவில்லை. ஒருநாள் சித்தி சொன்னார்: "ஏங்கண்ணு, உங்க சித்தப்பாவுக்கு எந்த மிதியில கால வெச்சிருக்கோம்னே தெரிய மாட்டேங்குதாம். குனிஞ்சு பாத்துப் பாத்து மிதிக்கிறாரு." செருப்பு கழன்றது தெரியாமல் வீதிமுனை வரை போய்விட்டு வந்திருக்கிறார். உள்ளங்காலில் மதமதப்பு, ராத்திரியில் எரிச்சல். சுகர் இருக்கிறது, வயசும் ஆகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பையைக் கொட்டினால் நாலு விஷயம் இருந்தது. பல வருடமாகச் சாப்பிடும் சுகர் மாத்திரை, அதாவது மெட்ஃபார்மின். காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை, அதாவது பான்டோப்ரசோல். பிரஷர் மாத்திரை. மகன் அனுப்பிய மல்டிவைட்டமின். பார்த்ததும் எனக்குத் தோன்றியது வைட்டமின் பி12.

பி12 மற்றச் சத்துகளைப் போல வாயில் போட்டதும் ஏறிவிடாது. சாப்பாட்டில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பை அமிலம்தான் அதைப் பிரித்துவிட வேண்டும். பிறகு இரைப்பையே சுரக்கும் ஒரு தனிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோனால்தான் ரத்தத்தில் சேரும். வயதானால் பலருக்கு அமிலம் தானாகவே குறைகிறது. கேஸ் மாத்திரை இன்னும் குறைக்கிறது. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவதும் குறைகிறது. சித்தப்பாவுக்கு மூன்றும் சேர்ந்திருந்தன. போதாததற்கு அவர் கறி, மீன், முட்டை எதுவும் தொடுவதில்லை. இயற்கையில் பி12 இருப்பது விலங்குகளிடமிருந்து வரும் உணவில்தான். சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. அவரோ சளி பிடிக்கும் என்று தயிரையும் விட்டிருந்தார்.

மகன் அனுப்பிய டப்பாவில் பி12 இல்லையா என்றால், இருந்தது. கொஞ்சமாக. கூடவே ஃபோலிக் ஆசிடும் இருந்தது. பி12 குறைந்தால் ரத்தசோகை வரும், அதை வைத்துத்தான் பல நேரம் கண்டுபிடிப்பார்கள். ஃபோலிக் ஆசிட் சேர்ந்தால் ரத்தம் சரியாகிவிட்ட மாதிரி காட்டும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். சித்தப்பாவின் ஹீமோகுளோபின் நன்றாகத்தான் இருந்தது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. டாக்டரிடம் இந்த நாலையும் காட்டிக் கேட்டோம், பி12 பரிசோதனை எழுதினார், அளவு மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள், பிறகு அதிக அளவு மாத்திரை. ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது இரண்டரை மைக்ரோகிராம்கூட இல்லை; மாத்திரையிலோ 1500 மைக்ரோகிராம் இருக்கிறதே என்று சித்தப்பா மகன் போனில் பயந்தான். அந்தத் தனிப் புரதத்தின் உதவி இல்லாமல் தானாக ஊடுருவிப் போவது நூற்றில் ஒரு பங்குதான், அதனால்தான் அவ்வளவு பெரிய அளவு என்று விளக்கினேன். சில மாதத்தில் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. மதமதப்பு முழுவதும் போகவில்லை. நரம்பு நெடுநாள் பட்டினி கிடந்துவிட்டால் முழுசாக மீள்வது கஷ்டம்.

அந்தப் பரிசோதனையை ஐந்து வருடம் முன்னால் செய்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்லி அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று மலையில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். மாத்திரை வாசலுக்கு வந்தாலும் வருடம் ஒருமுறை அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஊருக்கு வரும்போது நீங்கள் செய்யக்கூடிய வேலை அது. சர்க்கரையோடு பி12, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது வைட்டமின் டி. இதைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன்.

சேலத்து வெயிலில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தறிவீட்டுக்குள் போய்ப் பாருங்கள். காலையில் குழிக்குள் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார்கள். வெள்ளிப்பட்டறைக்காரர்களும் அப்படித்தான், கொலுசுக்குப் பற்றவைக்கும் பெண்கள் நாள் முழுக்க அறைக்குள். வயதானபின் தோலும் முன்போலத் தயாரிப்பதில்லை. ஆக, குறைவது உண்மை. குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் உண்மை. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலேகூடச் சிறிய அளவில் கொடுக்கலாம் என்று 2024-ல் ஹார்மோன் மருத்துவ வல்லுநர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் பெரும்பாலும் எழுதுவது 60,000 யூனிட் கேப்ஸ்யூல் அல்லது பொடி. அது வாரம் ஒன்று, டாக்டர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும். எங்கள் எதிர்வீட்டு அக்கா அந்தக் கோர்ஸ் முடிந்ததும், உடம்புவலிக்கு நன்றாகக் கேட்டது என்று தானே வாங்கித் தினமும் ஒன்று போட்டிருக்கிறார். பெரியவர்களுக்குப் பாதுகாப்பான மேல்வரம்பு என்று சொல்வது நாளைக்கு 4,000 யூனிட். அப்படிப் பார்த்தால் அவர் ஒரே நாளில் பதினைந்து நாள் அளவைச் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் தினமும். முதலில் வாய்க்குமட்டல், மலச்சிக்கல். அப்புறம் ஓயாத தாகம், அடிக்கடி ஒன்றுக்குப் போவது. ஒருநாள் மருமகளை யார் என்று கேட்டுவிட்டார். வீட்டில் ஞாபகமறதி நோய் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் பார்த்தால் கால்சியம் எக்கச்சக்கம், கிரியாட்டினினும் ஏறியிருந்தது. சலைன் பாட்டில் ஏற்றி, வைட்டமின் டி-யை நிறுத்திவிட்டுப் பல வாரம் காத்திருந்துதான் மீண்டார். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் அது உடம்பில் தேங்கிவிடும், சீக்கிரம் வெளியே போகாது.

நிறையக் கொடுத்தால் எலும்பு இன்னும் கெட்டியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப்பேருக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது: அப்படிச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது. தினமும் 2,000 யூனிட் என்று நிதானமாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்காவின் வைட்டல். 25,871 பேர். குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்தவர்கள் அல்ல, பொதுவான மக்கள். அவர்களுக்கு மாரடைப்பும் குறையவில்லை, புற்றுநோய் வருவதும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. குறைந்தவருக்கு மருந்து, குறையாதவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதே ஆய்வில் ஒமேகா-3 மாத்திரையையும், அதாவது மீன் எண்ணெயையும், பார்த்தார்கள், பொதுவான மக்களுக்கு அதிலும் பெரிய பலன் தெரியவில்லை. மீன் சாப்பிடும் வீட்டில் வாரம் இரண்டு நாள் மத்தி கிடைத்தால் குழம்பு வையுங்கள், எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.

கால்சியத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. இதில் எவ்வளவு சாப்பாட்டிலேயே கிடைக்கிறது என்று முதலில் கணக்குப் போட வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240 அளவுக்கு. ஒரு கிண்ணம் தயிர், முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளு சட்னி. மதியம் களியும் கீரையும் சாப்பிட்டு ராத்திரி பால் குடிக்கும் பெரியம்மாவுக்குப் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். மீதிக்கு ஒரு மாத்திரை போதும். இரண்டு மூன்று மாத்திரை எதற்கு? ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடம்பு ஒழுங்காக ஏற்றுக்கொள்வதும் இல்லை. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும், சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். கேஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிட்ரேட்தான் நல்லது, அமிலம் இல்லாமலும் ஏறும்.

இதில் நான் அதிகம் பார்க்கும் குழப்பம் தைராய்டு மாத்திரைதான். காலையில் எழுந்து தைராய்டு மாத்திரை, கூடவே கால்சியம், அதன்மேல் சுடச்சுட ஏற்காட்டு காபி. மூன்றும் ஒன்றாகப் போனால் தைராய்டு மருந்து ஒழுங்காக ஏறாது. டெஸ்ட்டில், மருந்து போதாவிட்டால் ஏறும் டி.எஸ்.எச் கூடியிருக்கும், டாக்டர் அளவைக் கூட்டுவார், ஒருநாள் கால்சியம் தீர்ந்து நிறுத்தினால் மருந்து அதிகமாகி நெஞ்சு படபடக்கும். கால்சியம், இரும்பு இரண்டுக்கும் தைராய்டு மருந்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம். முடிகொட்டுவதற்கு என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் லேபில் சொல்லிவிட வேண்டும். அது தைராய்டு அளவையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் அளவையும் தப்பாகக் காட்ட வைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2017-லேயே எச்சரித்திருக்கிறது.

முட்டிவலிக்கு மலையிலிருந்து வருவது முடவாட்டுக்கால் கிழங்கு. ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சாலையோரத்தில் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பழுப்பு ரோமத்தோடு இருக்கும். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு. தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு சூப் வைத்தால் அருமையாக இருக்கும், குளிருக்கு இதமாக இருக்கும். நானும் மலையில் இருந்த காலத்தில் விரும்பிக் குடித்தவள். அது தேய்ந்த மூட்டை வளர்க்கும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். அதைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் குளுக்கோசமைன் மாத்திரைக்கும் நிலைமை ஏறத்தாழ அதுதான். 2006-ல் அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் செய்த ஆய்வில், மொத்தமாகப் பார்க்கும்போது வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வலி அதிகமாக இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்த மாதிரி இருந்தது. முட்டிக்கு நிச்சயமாக உதவுவது தொடைச் சதையைப் பலப்படுத்துவதும் எடை குறைப்பதும்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சேலத்து மஞ்சள் சந்தையான லீ பஜார்க்காரர்கள் கோபிக்கக்கூடும். குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் அதில் இருப்பது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான், அதிலும் உடம்பில் ஏறுவது சொற்பம். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், குர்குமினோடு 20 மில்லிகிராம் மிளகுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கு கூடியதாகக் கண்டார்கள். அதை வைத்துத்தான் இன்றைக்கு வரும் மஞ்சள் கேப்ஸ்யூல்களில் அந்த மிளகுச் சத்தை, அதாவது பைப்பரினை, சேர்க்கிறார்கள். ஏறுவது கூடினால் கெடுதலும் கூடலாம். அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் குழு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் எழுதியது. அதில் ஒருவர் இறந்தும் போனார். இப்படி ஆவது அபூர்வம்தான். ஆனாலும் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ சாப்பிடுபவர்கள், கல்லீரல் ஏற்கெனவே பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

"ஆன்டிஆக்சிடென்ட்" என்று எழுதிய டப்பாவைப் பீடி குடிக்கும் மாமாவுக்கு அனுப்பியிருந்தால் உடனே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்கு ஆன்டிஆக்சிடென்ட்களான பீட்டா கரோட்டினும் (காரட்டில் இருப்பது) வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு நேர் எதிர்: பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் கூடுதலாக வந்தது. காரட்டும் பப்பாளியும் சாப்பிடலாம், நன்றாகச் சாப்பிடலாம். மாத்திரையாக அடைத்த அளவு வேறு.

சாதாரண மல்டிவைட்டமின் கெடுதல் செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். 21,442 பேரைச் சேர்த்து நடத்திய காஸ்மாஸ் ஆய்வின் துணை ஆய்வுகளில், வயதானவர்களின் நினைவாற்றலுக்குச் சிறிய பலன் இருப்பதாகத் தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆயுளைக் கூட்டுகிறதா என்றால், கிட்டத்தட்ட நாலு லட்சம் பேரை இருபது வருடத்துக்கு மேல் கவனித்து 2024-ல் வெளியிட்ட கணக்கு இல்லை என்கிறது. சரியாகச் சாப்பிட முடியாத, பல் போன, பசி அற்றுப்போன பெரியவருக்கு ஒரு மல்டிவைட்டமின் கொடுப்பதில் தப்பில்லை என்பது என் அபிப்ராயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். ஹெல்த் சப்ளிமென்ட் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கும், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்க வேண்டும். அட்டையும் பெயரும் ஒன்றுபோலவே இருப்பதால் பெரியவர்களுக்கு இரண்டும் மருந்துதான். இதில் எதைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, எதைத் தவறவிடக் கூடாது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் சப்ளிமென்டை வாங்கிவிட்டுப் பிரஷர் மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி சாப்பாடு. டப்பாவை அனுப்புகிறீர்களே, அம்மா ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் பதில் இரண்டு பிஸ்கட், டீ. இல்லாவிட்டால் ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசி எங்கள் ஊரின் தொழில், 1981 முதல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. எத்தனையோ குடும்பங்களின் சோறு அது. உடம்பு முடியாதவர்களுக்கு முதலில் கொடுப்பதும் அதைத்தான், தொண்டையில் சுகமாக இறங்கும், வயிற்றைப் படுத்தாது. ஓரிரு நாளைக்குச் சரி. ஆனால் அது மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டுமே, புரதம் நூறு கிராமுக்கு ஒரு கிராம்கூட இருக்காது. வருடக்கணக்கில் ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்றால் சதை கரைந்துபோகும். சதை கரைந்தால் எழுந்திருக்கக் கையூன்ற வேண்டும், படியேற முடியாது, தடுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுவார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் பெரியவர்களில் பலர் முன்போல எழுந்து நடமாடுவதில்லை.

வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். ஐம்பது கிலோ இருக்கும் அம்மாவுக்கு ஐம்பது முதல் அறுபது கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. கைப்பிடி நிலக்கடலையில் ஏழு. அடர்த்தியாக ஒரு கிண்ணம் பருப்பில் ஏழெட்டு. பல் இல்லாதவர்களுக்குக் கடலையை அரைத்துச் சட்னியாகவோ, பாசிப்பயறைக் குழைய வேகவைத்தோ, கொள்ளைக் கடைந்தோ கொடுக்கலாம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். புரோட்டீன் பவுடர் டின் வாங்குவதானால் ஒரு கரண்டியில் புரதம் எத்தனை கிராம், சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள்; சில டின்களில் சர்க்கரைதான் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான். சாப்பாட்டோடு சதைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது ஒன்றே போதும் தொடங்குவதற்கு. சித்தி இப்போது சீரியல் விளம்பரத்தின்போதெல்லாம் அதைச் செய்கிறார்.

மலைக்காரர்களைப் பாருங்கள், சாமையும் கேழ்வரகும் தின்று எண்பது வயதிலும் விறகு சுமக்கிறார்கள், மாத்திரை எதற்கு என்று சிலர் வாட்சப்பில் எழுதுகிறார்கள். அந்த மக்களோடு பல வருடம் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், எனக்கு இது கேட்கவே வருத்தமாக இருக்கிறது. விறகு சுமந்த பாட்டிகள் எனக்கும் தெரியும். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்த பாட்டிகளும் தெரியும். இரும்புச்சத்து மாத்திரை வாங்க ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏற்ற இறக்கத்தில் மூச்சு வாங்க நடந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த மாத்திரை தேவைப்பட்டது, போட்டார்கள், தேறினார்கள். சத்து மாத்திரை வேண்டவே வேண்டாம் என்பதும் என் கட்சி இல்லை.

அந்த இரும்புச்சத்தைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், இதைத் தயவுசெய்து யாரும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வயதான ஆணுக்கோ இரும்புச்சத்து குறைகிறது என்றால், ரத்தம் எங்கேயோ கசிகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. வலி மாத்திரையாலோ ஆஸ்பிரினாலோ வந்த வயிற்றுப்புண்ணாக இருக்கலாம். மூலமாக இருக்கலாம். குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம், அது நெடுநாள் வலியே காட்டாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும். டானிக் குடித்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும். ஏறியதும் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், மளிகைக் கடை வைத்திருந்தவர். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று மருமகன் வாங்கி அனுப்பிய இரும்பு டானிக்கை மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தார். பையைக் கொட்டியபோது டானிக் பாட்டிலைப் பார்த்து, "யாருண்ணா எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். யாரும் எழுதவில்லை. "மலம் எப்படிப் போகுதுண்ணா?" என்றேன். கருப்பாகப் போகிறது, டானிக்கால் என்று நினைத்தேன் என்றார். இரும்பு சாப்பிட்டாலும் கருப்பாகத்தான் போகும், உள்ளே ரத்தம் கசிந்தாலும் கருப்பாகத்தான் போகும். மறுநாளே கூட்டிப்போய் டாக்டரிடம் சொன்னோம். கேமரா விட்டுப் பார்த்ததில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி இருந்தது. பரவவில்லை. ஆபரேஷன் முடிந்து இப்போது மறுபடியும் கடையில் கல்லாவில் உட்காருகிறார். இரும்பு மாத்திரை இன்னும் சாப்பிடுகிறார், இந்த முறை டாக்டர் எழுதிக் கொடுத்தது. காபி குடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறாரா என்று அண்ணியிடம் அவ்வப்போது போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறேன்.